கெண்டைக்கால் அண்ணனின் கோபுர தரிசனம்

ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்ட பெருமாளுக்கு அடுத்தபடி, காலை எப்படி நீட்டிப் படுப்பது என்று யோசித்தவர் கெண்டைக்கால் அண்ணன் ஒருவர்தான். நான் குடியிருந்த வீட்டு மாடியில் எனக்குப் பக்கத்து அறை. மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பகல் முழுக்க நின்றுகொண்டே புடவை விரிப்பார். ராத்திரி கெண்டைக்கால் சதை சுருட்டிப் பிடித்துக்கொள்ளும். அவர் போடும் சத்தத்தில் தெரு நாய்கள் காவிரிக்கரை அம்மா மண்டபம் வரை ஓடும்.

டாக்டர் சொன்ன வைத்தியத்தை ஊருக்கே வாரி வழங்கினார். கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர்களிடம் முந்தானையை விரித்தபடியே, "ராத்திரி கால் இழுக்குதாங்க? முட்டியை மடக்காம, கால்விரலை உங்க பக்கமா இழுத்துப் பிடிங்க. மெதுவா நீவி விடுங்க. பகல்ல நல்லா தண்ணி குடிங்க" என்பார். கேட்டவர்கள் நன்றி சொல்லிவிட்டு வேறு கடையில் புடவை எடுப்பார்கள். அவர் மட்டும், கவுன்டரை விட்டு நகர முடியாதென்று தண்ணீரே குடிப்பதில்லை.

படுக்கப் போகுமுன் மொட்டை மாடிச் சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்தி நிற்பார். முகம் ராஜகோபுரத்தைப் பார்த்து இருக்கும். அந்தப் பக்கச் சுவர்தான் உறுதியானது.

சத்தம் தாங்காமல், அறையைக் காலி செய்யச் சொல்ல ஒருநாள் வீட்டுக்கார மாமா மாடியேறினார். பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஒத்தைக்கால்ல நின்னு கோபுரத்தை ஸேவிக்கறார்! இவரையா போகச் சொல்லுவேன்? அபசாரம்!" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கினார்.

மறுநாள் முதல் அண்ணனுக்குப் புளியோதரை வந்தது. எதிர்வீட்டு மாமி, மகனுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. "பொய்யா ஒரு பேரை வெச்சுக்கிட்டு எப்படிங்க குடியிருக்கறது? சொல்லிடப் போறேன்."

"சும்மா இருங்க அண்ணே, ரூம் போயிடும்" என்றேன். தனி ஆளுக்கு வீடு கொடுக்க அந்தத் தெருவில் வேறு யாரும் கிடையாது. அவர் கேட்கவில்லை. நேரே மாமாவிடம் போனார். பின்னாலேயே இறங்கினேன்.

"மாமா, அது பக்தி இல்லீங்க. குரக்களி. ராத்திரி கால் இழுக்குதுன்னுதான் அப்படி நிக்கறேன்."

மாமா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உமக்குமா? எனக்கு வருஷக்கணக்கா இழுக்கறது ஓய். ஆத்துல சொன்னா, வயசாச்சுங்கறா. என்ன பண்ணினா விடும்?"

"மாடிக்கு வாங்க" என்றார் அண்ணன்.

அன்றிலிருந்து சுவரோரம் இரண்டு பேர். "குதிகால் தூக்குது மாமா, அழுத்துங்க" என்று அதட்டல் வேறு. எனக்குக் கால் இழுத்ததே இல்லை. இருந்தாலும் சாப்பிட்டதும் நானும் போய் அண்ணன் பக்கத்தில் நின்றுகொள்வேன்.