வாங்காத காரின் சரித்திர ஆசிரியர்

மனிதர்களில் கார் வைத்திருப்பவர்கள் ஒரு வகை, கார் இல்லாதவர்கள் இன்னொரு வகை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், நீங்கள் இன்னும் உலகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. இவர்கள் கார் வாங்க மாட்டார்கள், இவர்களுக்கு ஓட்டவும் தெரியாது, டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். ஆனால் உலகத்திலேயே உசத்தியான ஒரு கார் கம்பெனியை யார் தொடங்கினார், தொடங்கிய அன்று காலையில் அவருக்கு என்ன வயிற்றுக்கோளாறு, கூட்டாளியோடு எதற்காகச் சண்டை போட்டார், எந்த மகாராணி அந்தக் காரில் ஏறுவதற்காகவே உடம்பைக் குறைத்தாள் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். கார்தான் அவர்களுடையது இல்லை. காரின் மானம் முழுக்க முழுக்க அவர்களுடையது.

எங்கேயும் தேட வேண்டாம், என் சகலையையே எடுத்துக்கொள்ளுங்கள். என் மனைவியின் அக்காவைக் கட்டிய புண்ணியவான். குளியலறைச் சாமான் விற்கும் கடையில் வேலை. குழாய் வாங்க வந்தவர் அதைத் திருகிப் பார்த்து, "கொஞ்சம் இறுக்கமா இருக்கே" என்று வாய் தவறிச் சொன்னால் போச்சு. "இறுக்கமா? ஐயா, அந்தக் கம்பெனியில ஸ்டியரிங் இறுக்கமா இருக்குன்னு ஒரு பணக்காரர் புகார் பண்ணினார் பாருங்க..." என்று ஆரம்பித்து, கடை சாத்தும் நேரத்தில் அந்த மனிதரைக் கையில் குழாய் இல்லாமலும் மண்டையில் இடம் இல்லாமலும் அனுப்பிவைப்பார். முதலாளி ஏன் இவரை வேலையை விட்டுத் தூக்கவில்லை என்கிறீர்களா? முதலாளியும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கதை கேட்டுக்கொண்டிருந்தார்.

வேலைக்குப் போவது பஸ்ஸில். அதுவும் நின்றுகொண்டு. ஒரு ஸ்கூட்டராவது வாங்குங்கள் என்று என் மனைவியின் அக்கா வருஷக்கணக்காகக் கெஞ்சிப் பார்த்துவிட்டாள்.

"வாங்கினா அதைத்தான் வாங்கணும். இல்லேன்னா பஸ். நடுவுல ஒண்ணும் கிடையாது."

"நடுவுல நான் ஒருத்தி மழையில நனையறேனே, அது?"

"மழைன்னதும் ஞாபகம் வருது. அந்த வண்டிக்குள்ள உட்கார்ந்தா வெளியில மழை பெய்யறதே கேட்காது, தெரியுமா?"

இதற்கு மேல் ஒரு பெண்பிள்ளை என்ன பேச முடியும்? குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இந்த இனத்தாருக்கு ஆதாரம் என்று ஒன்று தேவையே இல்லை. கதை போதும். ஒரு கோடீஸ்வரர் தன் காரில் 'கிரீச்' என்று சத்தம் வருவதாகக் கம்பெனிக்கு எழுதினாராம். கம்பெனி தன் நிபுணர்களை அனுப்பியதாம். அவர்கள் ஒரு மாதம் அவரோடு சுற்றிவிட்டு, 'சத்தம் காரில் இல்லை, உங்கள் முழங்காலில்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்களாம். இதைச் சொல்லும்போது என் சகலைக்குக் கண் கலங்கும். பெற்ற பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட அந்தக் கண் கலங்கியதில்லை. அப்புறம் மரியாதையைப் பாருங்கள். காரை 'அது' என்று சொல்ல மாட்டார், 'அவங்க' என்பார். "அவங்க நடுரோட்டுல நின்னதா சரித்திரமே கிடையாது" என்பார். அதே வாயால் எங்கள் மாமியாரைப் பற்றி, "அது எங்க போயிருக்கு?" என்று விசாரிப்பார்.

காரின் மூக்கில் ஒரு வெள்ளிப் பறவை உட்கார்ந்திருக்கும், தலையை இடது பக்கம் திருப்பிக்கொண்டு. எங்கள் மாமியார் அதைக் கொக்கு என்பார். அது கொக்கு இல்லை என்று விளக்கிச் சொல்லியே என் சகலையின் இல்லற வாழ்க்கையில் பாதி போயிற்று.

இவ்வளவோடு இருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். எங்கள் வீட்டுக் கடைக்குட்டிக்கு, அதாவது எங்கள் இரண்டு பேருக்கும் மைத்துனிக்கு, கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை கப்பலில் எஞ்சினியர். கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் கப்பல் கிளம்புகிறது. ஏறினால் அடுத்த வருஷம்தான் இறங்குவார். கல்யாணத்தைப் பதிவு செய்யும் அதிகாரியோ மூன்று மணி அடித்தால் பேனாவை மூடிவிடுகிற மனிதர். அன்றைக்குக் கையெழுத்து விழுந்தால் விழுந்தது, இல்லாவிட்டால் பெண் ஒரு வருஷம் வீட்டில், மாப்பிள்ளை ஒரு வருஷம் தண்ணீரில். இரண்டு பேரும் ஆசைப்பட்டுக் காத்திருந்து முடிவு செய்த கல்யாணம். நாங்களெல்லாம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சகலை மட்டும் சிரித்துக்கொண்டே வந்தார். "பொண்ணு எதுல போறா தெரியுமா?" என்றார். எங்கேயோ அலைந்து, யார் காலையோ பிடித்து, அந்தக் கம்பெனியின் பழைய கார் ஒன்றை வாடகைக்குப் பிடித்துவிட்டார். பின்சீட்டில் பெண் மட்டும்தான் உட்கார வேண்டும் என்று உத்தரவு; இரண்டு பேர் உட்கார்ந்தால் அது பஸ்ஸாம். முன்னால் டிரைவர் பக்கத்தில் இவர். மீதிப் பேர் பின்னால் ஒரு சின்ன வாடகைக் காரில், ஒருவர் மடியில் ஒருவர்.

கார் கிளம்பியது. பதிவு அலுவலகத் தெருவும் வந்தது. வாசலில் மாப்பிள்ளை நின்று கையசைப்பதுகூடத் தெரிந்தது. அங்கே, அந்த வாசலுக்குக் கூப்பிடு தூரத்தில், சரித்திரமே இல்லாத அந்தக் காரியம் நடந்தது. கார் நின்றுவிட்டது.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தால், சகலை முன்கதவைத் திறந்து இறங்கி நிற்கிறார், முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"நின்னுபோச்சா?" என்றேன்.

"நிக்கல. காத்திருக்காங்க."

டிரைவர் தன் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டுச் சுற்றி வந்தார். பேட்டரி செத்துவிட்டதாம். பின்கதவுகள் கரண்ட் இருந்தால்தான் திறக்குமாம். "பயப்படாதீங்க, முன்சீட்டுக்கு அடியில ஒரு கைப்பிடி இருக்கு, இழுத்தா பின்கதவு திறந்துடும். ஆனா சார், இந்த முன்கதவை மட்டும் சாத்திடாதீங்க. சாத்தினா தானா பூட்டிக்கும். சாவி உள்ள இருக்கு."

இதில் புரியாமல் போவதற்கு என்ன இருக்கிறது? ஆனால் என் சகலையின் காதில் விழுந்தது 'கதவு' என்ற ஒரே சொல்தான்.

"கதவுன்னதும் ஞாபகம் வருது" என்று எங்கள் பக்கம் திரும்பினார். "மத்த கார்க் கதவெல்லாம் டமார்னு சாத்தும். இவங்க கதவு சாத்துற சத்தத்தைக் கேட்கறதுக்குன்னே கம்பெனியில ஒரு ஆள். முப்பது வருஷம் அவர் முறுக்கே கடிச்சதில்ல, காது கெட்டுப்போகும்னு. வீட்டுல பொண்டாட்டிகிட்டகூட ஜாடைதான். அந்தச் சத்தம் எப்படித் தெரியுமா? கேளுங்க..."

"சார்! சார்!" என்று டிரைவர் பாய்ந்தார்.

தொப்.

உண்மையைச் சொல்ல வேண்டும், நல்ல சத்தம். பூட்டிக்கொண்ட சத்தமும் அதற்குள்ளேயே அடக்கமாகக் கலந்திருந்தது. மாற்றுச்சாவி காரின் சொந்தக்காரரிடம் இருக்கிறது, அவர் பக்கத்து ஊரில் இருக்கிறார். பெண் பின்சீட்டில் இருக்கிறாள், அவளுக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. வெக்கைக்காக அவள் முன்பே ஜன்னலை நாலு விரல் அளவு இறக்கியிருந்தாள். அதன் வழியாக அவள் மூக்கும் கோபமும் மட்டும்தான் வெளியே வர முடிந்தது.

"அத்தான்! என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

"சத்தம் உள்ளேருந்து எப்படிம்மா கேட்டுச்சு?" என்றார் சகலை, ஆவலோடு.

அத்தை, அதாவது எங்கள் மாமியார், தெருவோரத்திலிருந்து தேங்காய் அளவுக்கு ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். சகலை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கண்ணாடியின் குறுக்கே பாய்ந்தார்.

"அத்தை! வேண்டாம்! இந்தக் கண்ணாடியை இப்போ செய்யறதே இல்ல!"

"தள்ளுங்க மாப்பிள்ளை. உள்ள என் பொண்ணு இருக்கா."

"பொண்ணு உங்களுக்கு மூணு இருக்காங்க அத்தை. கண்ணாடி ஒண்ணுதான்."

இதற்குள் மாப்பிள்ளை ஓடி வந்தார். கப்பல் எஞ்சினையே பிரித்துப் பூட்டுகிற ஆள், "பானெட்டைத் திறந்து பார்க்கட்டுமா?" என்றார். கம்பெனி ஆள் தவிர யாரும் திறக்கக் கூடாது, திறந்தால் கம்பெனி மானம் கப்பலேறிவிடும் என்றார் சகலை. அந்த நல்ல பிள்ளை அவரோடு வாதாடி நேரத்தைக் கெடுக்காமல், நேராகப் பதிவாளரிடம் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

பதிவாளர் நிமிரவே இல்லை. "பொண்ணு என் முன்னால வந்து நிக்கணும்" என்றார்.

"கார்ல மாட்டிக்கிட்டிருக்கா சார். தெருவுலதான் சார்."

"மணி ஆகப்போகுது."

"சார், தயவு பண்ணுங்க. ஏதோ பழைய பெரிய கார், முன்னால ஒரு பறவை உட்கார்ந்திருக்கு, கதவு திறக்கல..."

பதிவாளர் நிமிர்ந்தார்.

"பறவை எந்தப் பக்கம் பார்க்குது?"

"இடது பக்கம்" என்றேன் நான்.

அவ்வளவுதான். வேட்டைக்குப் புறப்பட்டவர் மாதிரி எழுந்தார். பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல், எங்களுக்கு முன்னால் தெருவில் ஓடினார். அவருக்கும் கார் கிடையாது. வாசலில் நின்ற துருப்பிடித்த சைக்கிள் அவருடையதுதான் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். காரின் அருகில் போனதும் நடையை மெதுவாக்கி, பறவையைப் பார்த்துத் தலைகுனிந்தார். சகலை அவரைப் பார்த்தார். அவர் சகலையைப் பார்த்தார். பிரிந்துபோன அண்ணன் தம்பிகள் சந்தித்தால்கூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

"கூட்டாளிங்க சண்டை போட்டதுக்கு அப்புறம் வந்த வண்டி" என்றார் சகலை பெருமையாக. "கோபத்துல பெரியவர் பறவையோட தலையைத் திருப்பச் சொல்லிட்டார்."

பதிவாளர் முகம் சுருங்கியது. "யார் சொன்னது? சண்டைக்கு முன்னாலேயே திரும்பியாச்சு. பறவையைச் செஞ்ச சிற்பிக்குக் கழுத்துச் சுளுக்கு."

"கழுத்துச் சுளுக்கா!"

"சுளுக்குதான்!"

ஆரம்பித்தது ஐயா! சுளுக்கு என்கிறார் இவர், சண்டை என்கிறார் அவர். தேதி சொல்கிறார் இவர், அந்தத் தேதியில் தொழிற்சாலைக்கே லீவு என்கிறார் அவர். பதிவேட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒருவர் ஆட, பறவைக்குப் பக்கத்தில் நின்று அதே மாதிரி கழுத்தைத் திருப்பிக் காட்டுகிறார் இன்னொருவர். நடுவில் அத்தை கல்லோடு நிற்கிறார். மாப்பிள்ளை இரண்டு பேர் கையையும் மாற்றி மாற்றிப் பிடித்துக் கெஞ்சுகிறார். அலுவலகப் பியூன் வாசலிலிருந்து, "சார், பூட்டிடலாமா? மூணாகப் போகுது" என்று கத்துகிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் ஜன்னல் இடுக்கிலிருந்து கடைக்குட்டியின் குரல் வந்தது. நிதானமான குரல்.

"அத்தான், இங்க கதவோரத்துல ஒரு தகடு இருக்கு. என்னமோ எழுதியிருக்கு."

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

"என்னம்மா எழுதியிருக்கு?" என்றார்கள் ஒரே குரலில்.

"முதல்ல புஸ்தகத்தை நீட்டுங்க சார். கையெழுத்துப் போட்டுட்டுத்தான் படிப்பேன்."

பதிவேடு பக்கவாட்டில் ஜன்னலுக்குள் போனது. அவள் போட்டாள். வெளியே வந்தது, பானெட்டின் மேல் வைத்து மாப்பிள்ளை போட்டார், சாட்சிக்கு நான் போட்டேன், அத்தை கல்லை இடது கைக்கு மாற்றிக்கொண்டு போட்டார். பதிவாளர் பதிவேட்டைப் பார்க்கவே இல்லை; கண் தகடு இருக்கும் திசையில், கை தானாகக் கையெழுத்தில். முத்திரையும் குத்தினார். மூன்று மணி அடித்தது.

"போட்டாச்சு! படிம்மா!"

கடைக்குட்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "கதவை... மெதுவாகச்... சாத்தவும்."

பதிவாளர்தான் முதலில் தேறினார். "எந்த வருஷத்துத் தகடுன்னு பாரும்மா." சகலை இன்னும் ஆழமாகப் போனார். "எவ்வளவு மெதுவான்னு போட்டிருக்கா?"

அத்தை அதற்கு மேல் பொறுக்கவில்லை, கல்லை வீசிவிட்டார். கல் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்து சகலையின் கால் கட்டைவிரலில் விழுந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. அவர் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே, கண்ணில் நீர் வழிய, "பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" என்று பதிவாளரைக் கட்டிக்கொண்டார்.

மாற்றுச்சாவி வர சாயங்காலம் ஆயிற்று. அதுவரை மாப்பிள்ளை ஜன்னல் இடுக்கில் கையை விட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றிருந்தார். ஒரு வருஷத்துக்குப் போதுமான பேச்சை அந்த நாலு விரல் இடைவெளியில் பேசி முடித்துவிட்டார்கள். பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, நெஞ்சு நிறைந்தும் இருந்தது.

சரி, இப்போது உங்களிடம் வருகிறேன். அந்தக் கார் எந்தக் கம்பெனி என்று நான் ஒரு தடவையாவது சொன்னேனா? சொல்லவில்லை. அது உங்களை எந்த இடத்தில் உறுத்த ஆரம்பித்தது? ஒரு பெண் பிள்ளை காருக்குள் மாட்டிக்கொண்டு, கையெழுத்து விழுமா விழாதா என்று குடும்பமே தவித்த நேரத்தில், 'முன்னால் வெள்ளிப் பறவை என்கிறாரே, எந்தக் கார் அது? அந்தக் கம்பெனிக்குப் பறவை கிடையாதே? ஒருவேளை பழைய மாடலோ?' என்று உங்கள் மனசு ஒரு ஓரமாகக் கணக்குப் போட்டதா இல்லையா? போட்டிருந்தால் உங்களோடு எனக்குப் பேச்சில்லை. கம்பெனிப் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் உட்கார்ந்து திருத்த ஆரம்பித்துவிடுவீர்கள். எழுந்து போங்கள்.

போகும்போது கதவை மெதுவாகச் சாத்துங்கள்.