கன்ட்ரோல் ரூமும் சரசுவின் முட்டைகளும்

உலகத்தில் இனிமேல் நடக்கப்போகும் அத்தனை ஆபத்துகளுக்கும் முன்கூட்டியே பதறி முடித்துவிட்ட ஒரே மனிதர், டெக்சாஸில் கேட்டி என்ற ஊரில் எங்கள் அடுத்த வீட்டில் குடியிருந்தார். அப்பா அம்மா வைத்த பெயர் நீளமாக ஒன்று உண்டு. தெருவுக்கு அவர் கன்ட்ரோல் ரூம். திருநெல்வேலிக்காரர் என்பதால் நேரில் மட்டும் அண்ணாச்சி.

கெமிக்கல் பிளான்ட் ஒன்றின் கன்ட்ரோல் ரூமில் இன்ஜினியர். அந்த வேலையை அவர் ஆபீஸில் விட்டுவிட்டு வந்ததே இல்லை. எங்கள் கிரகப்பிரவேசத்தில் ஐயர் ஹோமம் வளர்த்தபோது, அவருக்குப் பின்னாலேயே தீயணைக்கும் சிலிண்டரோடு நின்றார். ஐயர் ஒரு கண்ணை நெருப்பின் மேலும் ஒரு கண்ணை இவர் மேலும் வைத்துக்கொண்டுதான் மந்திரம் சொன்னார். பொங்கல் விருந்துக்கு வந்தவர்களைத் தட்டோடு நிறுத்தி வைத்து, "தீ கீ பிடிச்சா எல்லாரும் மெயில் பாக்ஸ் பக்கத்துல வந்து கூடணும். அத மனசுல வாங்கிட்டு அப்புறமா பொங்கல வாங்குங்க" என்றார். சட்டைப் பையில் துப்பாக்கி மாதிரி ஒரு தெர்மாமீட்டர் எப்போதும் இருக்கும். சாம்பார், கார் சீட், கைக்குழந்தையின் நெற்றி என்று எதையும் அவர் சுடாமல் விட்டதில்லை.

வீட்டில் எல்லாவற்றுக்கும் பேக்கப் உண்டு. இரண்டு மிக்ஸி, இரண்டு வாட்டர் ஹீட்டர், மனைவி கோமதி அக்காவின் மூக்குக்கண்ணாடி நான்கு. கரண்ட் போனால் ஓட ஒரு ஜெனரேட்டர். சனிக்கிழமை தவறாமல் அதை ஓட்டிப் பார்ப்பார். தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்.

சரசுவுக்கு மட்டும் பேக்கப் கிடையாது. சரசு ஒரு மலைப்பாம்பு. கல்யாணத்துக்கு முன்னால், விசாவில் தனியாக வந்து அபார்ட்மென்டில் சமைத்துச் சாப்பிட்ட காலத்திலிருந்து அவரோடு இருந்தவள். "சரசுக்கு ஒரு வாய் குடுத்துட்டு வாரேன்" என்று அவர் உள்ளே போனால், புதிதாக வந்தவர்கள் யாரோ உடம்பு முடியாத அத்தை என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைத்த ஒருவர், சரசு அண்ணாச்சியின் கழுத்தில் மாலையாக வந்ததைப் பார்த்துக் கொசுவலைக் கதவைத் திறக்காமலேயே தோட்டத்துக்குப் போய்விட்டார். வலையில் அவர் உருவம் அப்படியே இருந்தது.

போன வருஷம் சரசுவுக்கு மாப்பிள்ளை பார்த்தார். டெக்சாஸிலேயே பிளானோ என்ற ஊரில் ஒரு நண்பர் வீட்டு ஆண் பாம்பு. எடை என்ன, ஒழுங்காகச் சாப்பிடுமா, முன்கோபம் உண்டா என்று பெற்ற மகள் கல்யாணத்துக்குக்கூட ஒருவர் இத்தனை விசாரிக்க மாட்டார். எல்லாம் பொருந்தி, மே மாதக் கடைசியில் சரசு ஏழு முட்டை இட்டாள். இட்டுச் சுற்றி வளைத்துப் படுத்துக்கொண்டாள். இன்குபேட்டர் வாங்கவில்லையா என்று கேட்டேன்.

"தாய் இருக்கையில மெஷின் என்னத்துக்கு தம்பி?" என்றார். அவர் வாழ்க்கையில் பேக்கப் வேண்டாம் என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

நான்காம் நாள் காலையில் சரசு செத்துப்போனாள். எட்டாவதாக ஒரு முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டதாக டாக்டர் பிறகு சொன்னார். நான் போனபோது அவள் முட்டைகளைச் சுற்றிய சுற்று கலையாமல் கிடந்தாள். அண்ணாச்சி அழவில்லை. முட்டைகளை நோக்கித் தெர்மாமீட்டரை நீட்டிக்கொண்டிருந்தார்.

"எண்பத்து நாலு பாரன்ஹீட், தம்பி. எறங்கிட்டிருக்கு. எண்பத்தெட்டுக்கும் தொண்ணூறுக்கும் நடுவுல நிக்கணும். எல்லாம் உசிரோட இருக்கு. அழுகைய அப்புறம் வச்சுக்கிடுதேன்."

ஏழு முட்டைகளையும் ஈரமான தேங்காய் நார்ப் பொடி நிரப்பிய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தார். பாம்பு முட்டை புரளக் கூடாதாம். மேல் பக்கம் கடைசி வரை மேலேயே இருக்க வேண்டுமாம். அடையாளம் வைக்கக் கோமதி அக்காவின் கண் மையை எடுத்து ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு பொட்டு வைத்தார். டப்பாவைப் பார்த்த என் மனைவி நித்யா, "திருஷ்டிப் பொட்டுங்களா அண்ணாச்சி?" என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, "அதுக்கும் ஆகும்" என்றார்.

டப்பாவை எங்கே வைப்பது? வெதுவெதுப்பு மாறாத இடம் ஒன்று அமெரிக்கத் தமிழர் ஒவ்வொருவர் வீட்டிலும் உண்டு. இட்லி மாவு புளிக்க, ஓவனில் லைட்டை மட்டும் போட்டு வைப்போமே, அதுதான். ஆனால் கோமதி அக்கா, முட்டையே சேர்க்காத கேக் செய்து விற்பவர். கேட்டியில் பாதிப் பிறந்தநாள் அவர் ஓவனிலிருந்துதான் வெளியே வரும். "நம்பி வாங்குறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? கோழி முட்டையே ஏத்தாத ஓவன்ல பாம்பு முட்டையா?" என்று வழியை மறித்து நின்றார்.

ஆக, டப்பா எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் ஓவன் டெக்சாஸிலேயே பாதுகாப்பானது. வாங்கிய நாளிலிருந்து அதில் எதுவும் வெந்ததில்லை. தோசைக்கல்லும் வாணலியும் அடுக்கி வைக்கத்தான். அவற்றை இறக்கிவிட்டு டப்பாவை ஏற்றினோம். கதவிடுக்கில் தோசைத் திருப்பியைச் செருகி வைத்ததும் சூடு எண்பத்தொன்பதில் வந்து நின்றது. யாரும் ஓவனை மூட்டிவிடாமல் இருக்க, அண்ணாச்சி அதன் திருகுக்குச் சிவப்பு அட்டை மாட்டி ஒரு பூட்டும் போட்டார். பிளான்ட்டில் வால்வை அப்படித்தான் பூட்டுவார்களாம். சாவி அவர் இடுப்பில். பிறகு இன்குபேட்டர் வாங்கினார். அது காட்டிய சூடும் துப்பாக்கி காட்டிய சூடும் ஒத்துப்போகாததால் திருப்பி அனுப்பிவிட்டார். "ஒங்க ஓவன் நல்ல நிதானமான பிள்ள" என்றார். ஒரு மாதத்துக்கு மேல் எங்கள் வீட்டு மாவு புளிக்கவே இல்லை. இட்லியைக் கடிக்க முடியாமல் நானும் நித்யாவும் தோசைக்கு மாறிவிட்டோம்.

ஜூலையில் புயல் வந்தது. மத்தியானம் கரண்ட் போனது. ஓவன் லைட் அணைந்ததும், கொட்டும் மழையில் நனைந்துகொண்டு ஜெனரேட்டரை இழுத்துவந்து எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார். கயிற்றை இழுத்தார், இழுத்தார். அது முனகக்கூட இல்லை. சனிக்கிழமை தவறாமல் ஓட்டிப் பார்த்ததில் பெட்ரோல் மொத்தமும் தீர்ந்திருந்தது. பெட்ரோல் பங்க்குகளிலும் கரண்ட் இல்லை. எங்கள் அடுப்பும் கரண்ட் அடுப்பு. காரில் ஹீட்டர் போடலாமே என்றேன். தெருவெல்லாம் வெள்ளம், டப்பாவைத் தூக்கிக்கொண்டு வழுக்கினால் ஏழும் போகும் என்றார். போதாததற்கு நித்யா ஏசியை எழுபத்திரண்டில் வைத்து வீட்டை ஐஸ் பெட்டி ஆக்கியிருந்தாள்.

"எண்பத்தாறு" என்றார். "எண்பத்தஞ்சு" என்றார். அந்த மனிதரின் குரல் உடைந்து அன்றுதான் கேட்டேன். "அந்த ஒண்ணுக்கு மட்டும் பேக்கப் வைக்காம விட்டுட்டனே தம்பி. அவ போயிட்டா. இதுவளையும் விட்டுட்டா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இருப்பேன்?"

சட்டென்று நிமிர்ந்தார். "ஒங்க வீட்ல ஜன்னல் இல்லாத சின்ன ரூம் எது?"

"மாடியில துணி வைக்கிற ரூம்ங்க."

"தம்பி, ஒரு மனுஷன் சும்மா உக்காந்திருந்தாலே நூறு வாட் பல்புக்குச் சமம். தெருவக் கூப்பிடும்."

தெரு வந்தது. எதிர்வீட்டு அருள், அவர் மனைவி, மாமனார், அந்தப் பக்கம் இரண்டு வீடு, குடையும் முழங்கால் வரை தண்ணீருமாக எல்லோரும் வந்தார்கள். நாலு பக்கமும் பட்டுப்புடவை தொங்கும் அறையின் நடுவில் டப்பா, சுற்றிலும் நாங்கள் ஒன்பது பேர். பட்டு நல்ல இன்சுலேஷன் என்று அண்ணாச்சி பூரித்தார். "வேர்த்த கையோட யாரும் என் கூரைப்புடவையத் தொடாதீங்க" என்று நித்யா வாசலில் காவல் நின்றாள். மூச்சு முட்டாமல் இருக்கக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, ஆட்களை ஷிப்ட் ஷிப்ட்டாக மாற்றினார். நல்ல கனத்த உடம்புக்காரர்களுக்கு டப்பாவுக்கு அருகில் இடம்.

அப்படியும் எண்பத்தாறைத் தாண்டவில்லை.

"எந்திரிங்க. எல்லாரும் தோப்புக்கரணம் போடுங்க. வாட் கூடும்."

போட்டோம். காதைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இடிக்க, புடவைகளுக்கு நடுவே, பாம்பு முட்டைகளுக்கு முன்னால். "அண்ணாச்சி, முட்டி கழண்டுடும்" என்றார் அருள். "எண்பத்தேழு. நிறுத்தாதீரும்" என்றார் அவர். மாமனார் மட்டும் கண்ணை மூடிப் பிள்ளையார் துதி சொல்லிக்கொண்டே போட்டார். சிரிப்பை அடக்க முடியாமல் நாங்கள் சிரித்த சிரிப்பில் இன்னொரு டிகிரி ஏறியது.

அப்போது கோமதி அக்கா வந்தார். யாரையும் கேட்காமல் எங்களை விலக்கிக்கொண்டு டப்பாவை ஒட்டி உட்கார்ந்தார். அண்ணாச்சி அவரையே பார்த்தார்.

"என்ன பாக்கிய? என் ஓவன்ல வேண்டாம்னுதான் சொன்னேன். சாவட்டும்னா சொன்னேன்?"

"எண்பத்தொம்பது" என்றார் அண்ணாச்சி. எல்லோரும் கை தட்டினோம்.

மறுநாள் டெக்சாஸ் வெயில் தன் வேலையைக் காட்டியது. ஏசி இல்லாத வீடு தானே தொண்ணூறுக்கு வந்தது. நாங்கள் ஜன்னலைத் திறக்கத் தவித்தோம். அவர் ஜன்னலுக்குக் குறுக்கே நின்று, "இத விட்டா இப்படி ஒரு சூடு கிடைக்குமா?" என்று ஆனந்தப்பட்டார். கரண்ட் திரும்பி வந்தபோது தெருவில் முகம் வாடிய ஒரே ஆள் அவர்தான்.

ஜூலை முடிவதற்குள் ஒரு நாள் ஆபீசுக்குப் போன் வந்தது. "தம்பி, வேர்த்த மூடி வழியா மங்கலாத் தெரியுது, ஒரு முட்ட கீறியிருக்கு. வாரும்." வீட்டுக்குப் போனால் சமையலறை முழுக்க அதே கூட்டம். அண்ணாச்சி மூடிய டப்பாவின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றார். கால் மணிக்கு ஒரு தரம் திறந்து பார்க்கும் மனிதர், காலையிலிருந்து திறக்கவே இல்லையாம்.

"ஏன் அண்ணாச்சி?"

"எல்லாரும் சேந்துதான அடகாத்தோம். நான் மட்டும் எப்படிப் பாக்க?"

பாம்பு என்றால் அடுத்த தெருவில் நிற்கும் ஆள் நான். நானே அன்று கழுத்தை எக்கிக்கொண்டு நின்றேன். யாரும் முன்னால் போகவில்லை. தாய் இல்லாத அந்தப் பிள்ளைகள் வெளியே வந்ததும் எந்த முகத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று எங்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அருள்தான் அவர் தோளைப் பிடித்து டப்பாவுக்கு நேராகத் திருப்பினார்.

"முதல்ல நீங்க பாருங்க அண்ணாச்சி. நாங்க எல்லாம் சொந்தக்காரங்கதான்."