மூணு கம்ப்யூட்டரும் மறந்த ஷிஃப்ட் லிஸ்ட்டு

படிச்சவ பண்ற தப்பு எப்பவும் நல்லா யோசிச்சு பண்ண தப்பாத்தான் இருக்கும். அதான் கொடுமையே.

எங்கப்பா கூட நிலக்கரி மைன்ஸ்ல இருக்கற கான்ட்ராக்ட் ஆளுங்க ஷிஃப்ட் மாத்திக்க ஒரு ஆப் செஞ்சு குடுத்தேன். யாரு யாரோட மாத்திக்கினாங்கங்கற லிஸ்ட்டு மூணு கம்ப்யூட்டர்ல இருக்கும். ஒண்ணு படுத்தாலும் மிச்ச ரெண்டும் பேசி முடிவெடுக்கும். (செம கெத்து. ஒரு மாசம் என் வாய் மூடல.) ஒண்ணு எங்க குவார்ட்டர்ஸ்ல, ஒண்ணு எதிர்வூட்ல, மூணாவது மந்தாரக்குப்பத்துல ரஃபீக் அண்ணன் செல்போன் கடையில. யூபிஎஸ்லாம் வாங்கல. ஊருக்கே கரண்ட் அனுப்பற டவுன்ஷிப்ல எவன் யூபிஎஸ் வாங்குவான்?

ஒரு நாள் காலையில பதினோரு மணிக்கு டிரான்ஸ்ஃபார்மர் டமால். எங்க வூடும் எதிர்வூடும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர், ரெண்டு கம்ப்யூட்டரும் ஒண்ணா படுத்துச்சு.

"அண்ணே, உங்க கடையில ஓடுதா?"

"ஓடுது பாப்பா!"

ஓடுச்சு. ஆனா தனியா முடிவெடுக்க மாட்டேன்னு நின்னுடுச்சு. நல்ல புள்ள அது. நான்தான் அடம்புடிச்சு, "இனிமே நீதான் தலைவர்"னு ஆர்டர் போட்டேன். கரண்ட் வந்ததும் மத்த ரெண்டும் எழுந்து, தலைவர் சொன்னா சரின்னு தங்கிட்ட இருந்தத அழிச்சுடுச்சுங்க.

தலைவர்கிட்ட இருந்தது போன வார லிஸ்ட்டு.

"சால்ட்ரிங் போட பிளக் இல்ல பாப்பா, உன் கம்ப்யூட்டர ஒரு வாரமா கழட்டி வச்சிருந்தேன். நீ போன் பண்ணப்பத்தான் மாட்டுனேன்"ன்னாரு ரஃபீக் அண்ணன்.

அடுத்த போன் செல்வம் அண்ணன். "பாப்பா, இன்னிக்கு ரெண்டு மணி ஷிஃப்ட்ல எம்பேரு நிக்குது! நான் குமாரோட மாத்திக்கினேனே. எம்பொண்ண பாக்க வந்துகினு இருக்காங்க!"

அவருக்கு ஏற்கனவே ரெண்டு ஆப்சென்ட். மூணாவது விழுந்தா வேலை காலி. சூப்பர்வைசர், "குமாரு வாயால சொல்லட்டும்"னுட்டாரு. குமாரு அண்ணன் போன் ஸ்விட்ச் ஆஃப். (நைட் ஷிஃப்ட் முடிச்சு தூங்கறாரு.)

ஸ்கூட்டிய மிதிச்சு மந்தாரக்குப்பத்துல குமாரு அண்ணன் வூட்டுக்குப் போயி கதவ உடைக்காத கொறையா தட்டுனேன். யூனிஃபார்ம், பூட்ஸோட வந்து தொறந்தாரு.

"என்னண்ணே, இப்டியேவா படுத்தீங்க?"

"பின்ன? எழுந்து மாட்டிகினு நின்னா லேட்டாயிடும். அவம்பொண்ண பாக்க வராங்க, நான் சொதப்பலாமா?"

என் போன்லயே சூப்பர்வைசர்கிட்ட சொன்னாரு. செல்வம் அண்ணன் பேரு தப்பிச்சுது.

அழிஞ்ச லிஸ்ட்ட திரும்ப எழுத மத்தவங்களுக்கும் ஒவ்வொருத்தரா போன் அடிச்சேன். மாத்திக்கின ரெண்டு பேரையும் தனித்தனியா கேட்டேன். ஒரு பதில்கூட மாறல.

சாயந்திரம் செல்வம் அண்ணன் போன். பொண்ணு பாத்தது நல்லபடியா முடிஞ்சுதாம். "மூணு பொட்டி வச்ச, மூணும் மறந்துச்சு. எங்காளு ஒருத்தனாச்சும் மறந்தானா?"

பொட்டி மறந்தா பொட்டிக்கு ஒண்ணும் போகாது. இவங்களுக்கு அப்படியா?

இப்போ யூபிஎஸ் வாங்கியாச்சு, டேட்டாபேஸும் ஒழுங்கா ஓடுது. வூட்லதான் என் மரியாதை இன்னும் ரெக்கவர் ஆகல.

"கேஸ ஆஃப் பண்ணியாடி?"

"பண்ணிட்டேம்மா."

"உன் ஒருத்தி பேச்சு செல்லாது. என்னங்க, நீங்களும் பாத்துட்டு சொல்லுங்க!"