நூற்று நாற்பது பச்சை நாற்காலிகள்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் மரிசோலுக்கு வந்த பதினோராவது அழைப்பு அது.

"ஏம்மா, எங்க தெருவுல பச்சைக் கலர்ல எட்டு நாற்காலி நிக்குதே, யாரோடது? ஒண்ணரை மணி நேரமா வண்டி விட எடமில்லாம சுத்தறேன்!"

"உட்கார்றதுக்குத்தான் சார். நகராட்சி போட்டது."

"இந்தப் பனியில எவன் உட்காருவான்?" என்று கேட்டுவிட்டு அந்த ஆள் போனை வைத்துவிட்டார்.

குடிமக்களின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்த எங்கள் நகராட்சி பன்னிரண்டு இலக்குகள் வைத்திருக்கிறது. தூய காற்று, மன நிறைவு என்று பெரிய தலைகள் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். மன நிறைவை எவன் அளந்து பார்க்கப் போகிறான்? ஏழாவது இலக்கு மட்டும்தான் எண்ணிப் பார்க்கக்கூடியது: எந்த வீட்டிலிருந்தும் ஐந்து நிமிட நடையில் உட்கார ஓர் இடம். அதனால் அது புதிதாக வந்த மரிசோல் பினெடாவின் தலையில் விழுந்தது.

அவள் அரிசோனாக்காரி. பனியைப் படத்தில் பார்த்ததோடு சரி. வேலை ஆறு மாத ஒப்பந்தம். வெள்ளிக்கிழமை ஆய்வில் ஏழாம் இலக்கு தேறினால் நிரந்தரம், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மூன்று ஊர், மூன்று பள்ளி மாறிய அவள் மகளுக்கு இங்கேதான் முதன்முதலாக ஒரு தோழி கிடைத்திருந்தாள்.

தரை உறைந்து போனதால் பெஞ்சு பதிக்க வழியில்லை. எனவே நூற்று நாற்பது இரும்பு நாற்காலிகளை வாங்கி, கிழக்கு மேட்டுத் தெருக்களில் நடைபாதை நெடுகப் போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டடி பனி கொட்டியது. நடைபாதையைச் சுத்தம் செய்தவர்கள் அத்தனை நாற்காலிகளையும் தூக்கிச் சாலையோரம் வைத்துவிட்டார்கள்.

அவர்களுடைய மேஸ்திரி ஸ்டான் டுடெக்கிடம் ஓடினாள்.

"ஏன் சார் ரோட்டுல வெச்சீங்க?"

"பனிக்காலத்துல நாற்காலி வேற எங்க இருக்கும்?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். எங்கள் ஊரில் ஒருவன் இடுப்பொடியப் பனி அள்ளி வண்டிக்கு இடம் பண்ணினால், வெளியே போகும்போது அங்கே ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவான். அவன் திரும்பி வரும்வரை அந்த இடம் அவனுடையது. இது சட்டத்தில் கிடையாது. ஆனால் சிவப்பு விளக்கை மதிக்காதவன்கூட நாற்காலியை மதிப்பான்.

"எடுத்துட்டா?"

"தாராளமா எடுக்கலாம். எடுத்தவங்க அவங்க வண்டிய வசந்த காலத்துலதான் மறுபடி பாப்பாங்க."

மரிசோல் அதோடு விட்டிருக்கலாம். இருப்புக் கொள்ளவில்லை. மதியத்துக்குள் ஸ்டிக்கர் அச்சடித்து, 'நகராட்சி நாற்காலி' என்று ஒவ்வொன்றிலும் முத்திரையோடு ஒட்டிவிட்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை போன் ஓயவில்லை. நகராட்சியே முத்திரை குத்தி இடம் பிடித்துக் கொடுக்கிறது என்று கிழக்கு மேடு முடிவு கட்டிவிட்டது. கைக்கு எட்டியதை ஆளுக்கொன்றாகத் தங்கள் வாசலுக்கு இழுத்துப் போயிருந்தார்கள்.

"எதிர் வீட்டு லொரெய்னுக்கு மட்டும் முத்திரை போட்ட நாற்காலியா? நாங்க வரி கட்டலையா?"

"மேடம், அது யாருக்கும் தனியா குடுத்தது இல்ல..."

"அப்ப எங்க வீட்டுக்கு எப்ப வரும்? அத மட்டும் சொல்லு."

சமாதானப்படுத்த இன்னும் அறுபது நாற்காலிகளை வரவழைத்தாள். புதன்கிழமை வந்த லாரி நிற்பதற்குள் அவை மாயமாயின. கிழக்கு மேட்டில் வண்டி நிறுத்த அங்குல இடம் மிச்சமில்லை. பாதிரியாரே முக்கால் மைல் நடந்து வந்துதான் பூசை வைத்தார்.

வியாழக்கிழமை டைரக்டர் ஹார்ட்டிகன் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு ஆய்வுக் குழு சுத்திப் பாக்கப் போகுது. ஒரே ஒரு நாற்காலியிலயாவது ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கணும், மரிசோல். இல்லேன்னா என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே கிழக்கு மேட்டுக்குப் போய், நாற்காலிகளை நடைபாதைக்குத் தூக்க ஆரம்பித்தாள். முதலில் கை வைத்தது லொரெய்ன் பாவ்லிக்கின் வாசலில்.

"அத எடுத்த எடத்துலயே வெச்சுடு கண்ணு," என்றாள் லொரெய்ன் கதவைத் திறந்து.

"இது பொது நாற்காலி மேடம். வாங்க, ரெண்டு நிமிஷம் உட்காருங்க."

லொரெய்ன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பதினொரு நாற்காலிகளை நகர்த்திவிட்டு மரிசோல் திரும்பி வந்தபோது, லொரெய்ன் வாசலில் விட்டிருந்த அவள் காரின் நான்கு கதவுகளும் கனமான பனிக்கட்டிக்குள் இருந்தன. படியில் நின்று லொரெய்ன் தண்ணீர் சொட்டும் தோட்டத்து ரப்பர் குழாயைப் பொறுமையாகச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"காப்பி குடிக்கிறியா?" என்று அன்போடு கேட்டாள்.

ஸ்டானும் இரண்டு ஆட்களும் உப்பும் வெந்நீருமாக வந்து கதவை விடுவிக்க மூன்று மணி நேரமாயிற்று. அதுவரை நிற்கத் தெம்பில்லாமல் மரிசோல் ஒரு பச்சை நாற்காலியில் சரிந்து கிடந்தாள். பத்து மணி வந்தது, போனது. ஒரு குழுவும் வந்து இறங்கவில்லை. மகளிடம் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து அழுகை முட்டியது. அவர்கள் துரத்துவதற்கு முன் நாமே போய்விடலாம் என்று, விறைத்த விரலால் போனில் ராஜினாமாவைத் தட்டி டைரக்டருக்கு மெயிலில் அனுப்பினாள்.

மேசையைக் காலி பண்ண நகராட்சி அலுவலகத்துக்கு வந்தால், அங்கேயும் வண்டி விட இடமில்லை. மூன்று சுற்று சுற்றினாள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இடம் பனி அள்ளிப் பளிச்சென்று கிடந்தது. நடுவே ஒரு நாற்காலி.

மரிசோலுக்குள் ஏதோ அறுந்தது. இறங்கிப் போய் அந்த நாற்காலியைத் தூக்கிப் பனிக்குவியலில் வீசிவிட்டு வண்டியை விட்டாள்.

காவலாளி டெஸ்மண்ட் ஓடி வந்தார்.

"நீங்களாம்மா தூக்கிப் போட்டீங்க?"

"நான்தான்! பத்து இருந்தா பத்தையும் போட்டிருப்பேன். வேலைய விட்டாச்சு. என் வண்டி மேல தண்ணி ஊத்தப் போறீங்களா? ஊத்துங்க!"

டெஸ்மண்ட் நாற்காலியை எடுத்துப் பனியைத் தட்டினார்.

"நான் எதுக்கும்மா ஊத்தறேன்? குழுவுக்கு எறங்க எடமே கெடைக்கலையாம், வண்டியிலயே சுத்திச் சுத்திப் பாத்தாங்களாம், இந்தக் குளிர்லயும் ஒரு பொம்பள நம்ம நாற்காலியில உட்கார்ந்து போன் பாத்துக்கிட்டிருந்தாளாம், ஏழாம் இலக்கு பாஸாம். 'இனிமே மரிசோல் இங்கேயேதான்'னு டைரக்டர் தன் கையாலயே பனி அள்ளி இந்த எடத்துல உங்களுக்காக நாற்காலி போட்டுட்டு, 'மெயில் பாக்கணும்'னு இப்பதான் மேல போனாரு."