கறுப்பையா பொறுக்கிய ஏழு பேர்

"முதல் தட்டுல இருளப்பன நிறுத்துனீங்கன்னா, கங்காணி, நாம ஆடவே வேணாம். தப்ப இப்பவே கழட்டி ஆத்துமேட்டுக்கு அனுப்பிச்சிரலாம்."

கறுப்பையா இதைச் சொன்னபோது களத்தின் நடுவே நின்று, நீண்ட கம்பு மாட்டிய பலகையால் காயப்போட்ட கோப்பிக் கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தான். இதையே அவன் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்தபோது ஒருமுறையும், மத்தியானம் சோற்றுச் சட்டியைத் திறந்தபோது ஒருமுறையும் சொல்லியிருந்தான். இருளப்பன் நாலடி தள்ளி சாக்குத் தைத்துக்கொண்டிருந்தது அவனுக்கு ஒரு தடையாகப் படவில்லை.

பன்விலைக்கு மேலே மூணுபாறைத் தோட்டம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஆத்துமேட்டுத் தோட்டம். பொங்கல் கழிந்து வரும் முதல் ஞாயிறு இரண்டும் கிளித்தட்டு ஆடும். தோற்ற தோட்டம் தன்னுடைய பெரிய தப்புப் பறையைக் கொண்டுபோய், வென்ற தோட்டத்து ஸ்டோரில் ஒரு வருடத்துக்குத் தொங்கவிட வேண்டும். போன வருடம் மூணுபாறைதான் வென்றது. ஆனால் வென்ற விதம் சரியில்லை என்று கறுப்பையா பன்னிரண்டு மாதமும் விளக்கிக்கொண்டே வந்தான். எவன் எந்தத் தட்டில், அதாவது எந்தக் கோட்டில், நின்றிருக்க வேண்டும், எவனை லயத்து வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அவன் ஒருநாளும் ஆடியதில்லை. சாக்கு அடுக்கின்மேல் உட்கார்ந்து பார்ப்பான். அங்கிருந்துதான் எல்லாம் தெளிவாகத் தெரியும் என்பான்.

வீரையா கங்காணி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார்.

"அப்ப நீயே ஏழு பேரப் பொறுக்கு."

களத்தில் இருந்த பலகைகள் எல்லாம் நின்றன.

"நெசமாவா?"

"நெசமாத்தான். ஜெயிச்சா, நீ கண்ண மூடுற வரைக்கும் நீதான் ஆளு பொறுக்குறது. ஒருத்தன் எதுத்துப் பேச மாட்டான். தோத்தா, அடுத்த பொங்கல் வரைக்கும் கிளித்தட்டப் பத்தி ஒரு சொல்லு ஒன் வாயில வரப்படாது. களத்துலயும் பேசப்படாது, திங்கும்போதும் பேசப்படாது, தூங்கும்போதும் ஒளறப்படாது. சம்மதமா?"

"கற்பூரத்தக் கொண்டாங்க," என்றான் கறுப்பையா.

கேட்டு வாய் மூடுமுன் மூன்று பேர் மூன்று பக்கமிருந்தும் கற்பூரத்தோடு ஓடி வந்தார்கள். மாரியம்மன் கல்லுக்கு முன்னால் அவன் கையடித்துச் சத்தியம் செய்தபோது அவன் மனைவி பாலம்மா கண்ணை மூடிக் கும்பிட்டு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

"எனக்காகத்தான் நேந்தியா?" என்று கேட்டான்.

"வேற யாருக்கு? ஒங்களுக்காகத்தான்," என்றாள்.

வியாழன் பின்னேரம் அவன் பட்டியலை எழுதி முடித்தான். சாக்கில் கட்டும் சீட்டின் பின்பக்கத்தில் ஏழு பேர். தோட்டத்தின் முதல்தரமான ஏழு பேர். கோட்டை விட்டு நகராத காலும், ஆளைத் தொடும் நீண்ட கையும் உள்ளவர்கள். வெள்ளிக்கிழமை அரைநாள் அவர்களைப் பழக்க வேண்டும் என்பதால், சீட்டைக் கணக்கப்பிள்ளை ராஜலிங்கத்தின் மேசையில் வைத்துவிட்டு நிம்மதியாகப் போய்ப் படுத்தான்.

விடிந்து பெரட்டுக்குப் போனால் அந்த ஏழு பேரில் ஒருவனும் இல்லை.

"ஐயா, என் ஆளுங்க எங்க?"

யாழ்ப்பாணத்துக்காரரான ராஜலிங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாக்கைத் தூக்கிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்குப் போட்டினம்."

"கட்டுகஸ்தோட்டைக்கா?"

"ஓம். பாலம் உடைஞ்சு மாட்டுக்கரத்தை வராத நேரத்திலை, ஸ்டோரிலை இருந்து பின்னேரம் பேர்ச்சீட்டு வந்தால் என்ன அர்த்தம்? சாக்குத் தூக்கிற ஆக்கள் எண்டுதானே அர்த்தம். அஞ்சு வருசமா நீர்தான் எழுதித் தாறீர். உமக்கே தெரியாதே?"

அது உண்மைதான். கறுப்பையா விரல்விட்டு நாளை எண்ணினான். "எப்பத் திரும்புவாங்க?"

"கோப்பியை இறக்கினால் அரிசியை ஏத்திக்கொண்டுதானே வரவேணும். ஞாயிறு பின்னேரம் வருவினம்."

ஆட்டம் ஞாயிறு காலை. ஆனால் கறுப்பையா ஒரு பட்டியலோடு நின்றுவிடும் ஆள் இல்லை. மனத்துக்குள் எப்போதும் இரண்டாவது ஏழு பேரை வைத்திருப்பவன். முதல் ஏழு பேரும் இருட்டோடு பாட்டுப் பாடிக்கொண்டே மலையிறங்கினார்கள் என்று யாரோ சொன்னதைக்கூட அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொழுது சாயுமுன் அடுத்த சீட்டு தயார். கசப்பாகத்தான் இருந்தது, அதில் இருளப்பனையும் சேர்க்க வேண்டியதாயிற்று. இந்தத் தடவை தவறு நேரக்கூடாது என்று அடியில் கொட்டை எழுத்தில் எழுதினான்: இந்த ஏழு பேரையும் நாளை எந்த வேலைக்கும் அனுப்ப வேண்டாம்.

சனிக்கிழமை காலை பழக்கத்துக்குக் களத்தில் காத்திருந்தான். ஒருவரும் வரவில்லை. லயத்துப் பெண் ஒருத்தி தண்ணீர்க்குடத்தோடு போனவள், "ஒங்க ஆளுங்க பங்களாவுல நிக்கிறாங்கண்ணே," என்றாள்.

வேலைக்கு அனுப்ப வேண்டாம் என்று பேர் எழுதி வந்தால் அது வருத்தக்காரர், அதாவது நோயாளிகள், பட்டியல். வருத்தக்காரர்களைத் துரையின் பங்களா விறாந்தைக்கு அனுப்புவது தோட்டத்து வழக்கம். துரையிடம் மருந்து ஒன்றுதான். காய்ச்சலுக்கும் அதுதான், சுளுக்குக்கும் அதுதான். விளக்கெண்ணெய்.

கறுப்பையா ஓடினான். அவன் விறாந்தையை எட்டியபோது கோப்பை ஆறாவது ஆளைத் தாண்டிவிட்டது. ஏழாவதாக நின்ற இருளப்பன் அவனைப் பார்த்ததும், பறித்துவிடப் போகிறான் என்பதுபோல மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.

"தொரை! தொரை! இவங்களுக்கு ஒண்ணுமில்லைங்க! எல்லாம் நல்ல ஒடம்புங்க! இவன் மூணாம் தட்டு, அவன் நாலாம் தட்டு, இந்தா நிக்கிறானே இவன் முதல் தட்டுக்கு ஆகவே மாட்டான், ஆனா கடைசிக் கோட்டுல நிறுத்துனா..."

துரைக்கு வேலைவாங்கும் அளவுக்குத் தமிழ் தெரியும். ஓடி வந்து மூச்சு வாங்கி, முகமெல்லாம் வியர்த்து, தட்டைப் பற்றிப் பேசும் மனிதனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நெற்றியில் கை வைத்தார்.

"காய்ச்சல் தலைக்குப் போயாச்சு," என்றார் சமையல்காரன் சின்னானிடம். "பெரிய கோப்பை கொண்டா."

அன்று பகல் முழுவதும் கறுப்பையா லயத்துக்கும் புதருக்கும் இடையில் நடந்த நடையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அவன் முகத்தில் ஒரு தெளிவு கூடியிருந்தது. பின்னேரம் கங்காணியிடம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மிச்சம் யாரு இருக்கா?"

"சின்னான் இருக்கான். ஒத்தக்கண்ணுக் காவக்காரன் இருக்கான். தப்படிக்கிறவன் இருக்கான். அப்புறம் ரெண்டு கெழடும், கால் வெந்த ஒருத்தனும்." கங்காணியின் குரலில் ஒரு கனிவு தெரிந்தது. "பேசாம விட்டுருப்பா. ஆட்டம் வேணாம்னு தோல்விய ஒத்துக்க. ஒரு வருசம்தானே, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிரும்."

"ஆறு பேரு ஆச்சு," என்றான் கறுப்பையா. "ஏழாவது நான். நான்தான் கிளி."

ஞாயிறு காலை மூணுபாறைக் களத்தில் சாம்பலால் கோடு போட்டார்கள். ஆட்டம் சுலபமானது. ஒரு பக்கத்து ஆட்கள் குறுக்குக் கோடுகளில், தட்டுக்கு ஒருவராக நின்று காப்பார்கள். அவர்களுடைய தலைவன் கிளி. நடுக்கோட்டிலும் அவன் ஓடலாம். மறுபக்கத்தார் ஒவ்வொரு கோடாகத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். தொடப்பட்டவன் வெளியே. தொடப்படாமல் ஒருவன் வந்துவிட்டால் அது ஒரு பழம்.

நடுவர் மடவளை ஊர் தாஸிம். பொதி சுமக்கும் தவளமாட்டில் உப்பும் கருவாடும் ஏற்றி இரண்டு தோட்டத்துக்கும் வருகிறவர். "எனக்கு எந்தப் பக்கமும் இல்ல," என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "ரெண்டு பேரும் ஏன்ட கருவாடுதானே திங்கிறீங்க."

மூணுபாறை முதலில் ஓடியது. ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு கிழவர்களும் முதல் தட்டிலேயே, யாராவது தொட மாட்டார்களா என்பதுபோலப் போய் நின்றார்கள். காவல்காரன் தொடாத கையைத் தொட்டுவிட்டதாகச் சொல்லி வெளியேறினான். ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் ஆறு பேரும் வெளியே. மிஞ்சியது கறுப்பையா.

அவனால் ஓட முடியாது. ஓடினால் என்ன ஆகும் என்பது அவன் வயிற்றுக்குத் தெரியும். எனவே நடந்தான். நடந்துகொண்டே பேசினான்.

"யாருப்பா ஒங்கள இப்படி நிறுத்துனது? மூணாம் தட்டுல நெட்டையன நிறுத்தலாமா? கட்டையன்தானே குனிஞ்சு தொடுவான்?"

"நானும் அதத்தான் சொன்னேன்," என்றான் நாலாம் தட்டில் நின்ற கட்டையன்.

"எப்படா சொன்னே?" என்றான் மூணாம் தட்டு நெட்டையன்.

"நேத்துச் சொன்னேன். நீதான் எடத்த மாத்த மாட்டேன்னே."

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல," என்றான் கறுப்பையா. "மாறி நில்லுங்க. நான் அவசரப்படல."

இருவரும் இடம் மாறினார்கள். அவர்கள் மாறிக்கொண்டிருந்தபோதே அவன் இரண்டு கோட்டையும் தாண்டிவிட்டான். கடைசித் தட்டுக்காரனிடம் அவன் எந்தக் காலை முன்வைத்து நிற்க வேண்டும் என்று விளக்கினான். அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். திரும்பி வரும்போது ஆத்துமேட்டுக் கிளி, தன் ஆட்கள் தன் பேச்சை ஏன் கேட்பதில்லை என்று அவர்களோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தான்.

"பழம்!" என்றான் கறுப்பையா.

"பழம்தான்," என்றார் தாஸிம். "கண்ணால கண்டேன். ஆனா இப்பிடியொரு பழத்த நான் கண்டதில்ல."

சாக்கு அடுக்குகளின்மேல் உட்கார்ந்திருந்த மூணுபாறைச் சனம் மூச்சுக் காட்டவில்லை. வாயடைத்துப் போயிருக்கிறார்கள் என்று கறுப்பையா நினைத்துக்கொண்டான்.

பிறகு ஆத்துமேடு ஓட, மூணுபாறை காத்தது. கறுப்பையா நடுக்கோட்டில் நட்ட கல்லாக நின்றான். நகரவே இல்லை.

"மாயாண்டி," என்றான் ஆத்துமேட்டின் சூரனிடம், "நீ எடது கால ஊனி வலது பக்கம் பாய்வே. மூணு வருசமாப் பாக்கிறேன்."

மாயாண்டி யோசித்தான். வலது காலை ஊன்றிப் பார்த்தான், கால் பின்னியது. கறுப்பையா கையை நீட்டி, உப்புப் பார்ப்பதுபோலத் தொட்டான். அடுத்தவனிடம், "நீ பாயுமுன்னே மூச்ச இழுப்பே," என்றான். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்று, இருமி, தொடப்பட்டான். இப்படியே ஆறு பேர்.

கடைசியாக வந்தவன் காதில் துணியை அடைத்துக்கொண்டு வந்தான். அவன்மேல் பேச்சு ஏறவில்லை. ஒவ்வொரு தட்டாகத் தாண்டினான். கோட்டில் நின்றவர்கள் ஒவ்வொருவரும், பாவம், அவனுக்கு வழிவிடுவதுபோலவே தடுமாறினார்கள். கடைசிக் கோட்டில் சமையல்காரன் சின்னான். வந்தவனைப் பார்த்ததும் சின்னான் ஒதுங்கப்போனான். அவன் உடம்பு அவ்வளவு சீக்கிரம் ஒதுங்குகிற உடம்பு அல்ல. கால் சாம்பலில் வழுக்கியது. சின்னான் முழுசாக அவன்மேல் விழுந்தான்.

"தொட்டாச்சு!" என்றார் தாஸிம். "அல்லாவே, தொட்டதென்ன, மூடியாச்சு! ஆட்டம் மூணுபாறைக்கு."

ஆத்துமேட்டார் தங்கள் தப்பை இன்னொரு வருடத்துக்கு அங்கேயே விட்டுவிட்டு, யார் எந்தத் தட்டில் நின்றிருக்க வேண்டும் என்று அடித்துக்கொண்டே பள்ளத்தில் இறங்கிப் போனார்கள்.

கறுப்பையா சாக்கு அடுக்கின்மேல் ஏறி நின்றான்.

"பாத்தீங்களா? ஆளு முக்கியமில்ல, நிறுத்துற எடந்தான் முக்கியம்! அடுத்த வருசத்துக்கு யாரு யாருன்னு இப்பவே சொல்லிர்றேன். முதல் தட்டுலேருந்து வருவோம். எல்லாரும் உக்காருங்க, கொஞ்சம் நேரமாகும்."

யாரும் கைதட்டவில்லை. ராஜலிங்கம் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே திரும்ப மாட்டிக்கொண்டார். பாலம்மா நேர்ந்து வைத்திருந்த தேங்காயை உடைக்கவில்லை. முந்தானைக்குள் மூடிக்கொண்டு, கறிக்காவது ஆகட்டும் என்று லயத்தைப் பார்க்க நடந்தாள். தோட்டமே சந்தோஷத்தில் திக்குமுக்காடிப் போயிருப்பதைப் பார்த்துக் கறுப்பையாவுக்குக் கண் கலங்கியது.

அப்போதுதான் இருளப்பன், வெளிறிப்போன முகத்தோடு, ஸ்டோர் தூணைப் பிடித்துப் பிடித்து வந்து கங்காணியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னங்க கங்காணி இது," என்றான் அழாக்குறையாக, "ஒரு வருசமாவது இந்த மனுசன் வாய் மூடிக் கெடக்கட்டும்னுதானே அவங்க ஏழு பேரும் பாரம் தூக்கப் போனாங்க, நாங்க ஏழு பேரும் நல்ல ஒடம்போட வெளக்கெண்ண குடிச்சோம்?"