கூடத்துக்கு வந்த அரளிப்பூச்சி

சனிக்கிழமைக்குப் பிறகு இந்தத் தோட்டத்தில் ஒரு பூச்சி மிஞ்சாது என்று என் கணவர் தானியோஸ் சபதம் செய்தார். எதிரி, அரளியில் இருந்த ஒரே ஒரு புழு. நடுவிரல் பருமன். பச்சை உடம்பு, வாலில் கொம்பு, தலைப்பக்கம் முறைக்கும் இரண்டு நீலக் கண்கள். பாம்புக்குட்டி என்று அவர் நாலடி பின்வாங்கியதை நான் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

எனக்கும் பயம்தான். புழுவிடம் இல்லை, அவர் வாங்கி வந்த மருந்து டப்பாவிடம். எங்கள் பத்து மாத மகள் யாரா தவழ்கிற முற்றம் அது. அவள் அரளியை எட்டாதபடி கம்பிவலை கட்டிவிட்டேன். காற்றில் வரும் விஷத்தை எந்த வலை தடுக்கும்? சொல்லிப் பார்த்தேன். பயந்தாங்கொள்ளி என்றார்.

கன்னியர் பள்ளியில் எழுதிய இயற்கைப்பாட நோட்டைத் தேடி எடுத்தேன். அரளி அந்துப்பூச்சியின் புழு அது. நீலக் கண் இரண்டும் பொய், குருவியை மிரட்ட. கழுதையைக் கொல்லும் இலையைத் தின்று கொழுக்கிறதே! எனக்குப் புல்லரித்தது. வெள்ளிக்கிழமையே அதைக் காலித் தயிர் ஜாடியில் சருகோடு குடிவைத்தேன்.

மறுநாள் தளபதி வந்தார். எதிரியைக் காணோம்.

"என்னப் பாத்தே ஓடிருச்சு."

டப்பாவை மட்டும் அடுத்த போருக்கென்று பத்திரப்படுத்தினார்.

ஜாடியில் புழு பழுப்பாகியது. சருகை நூலால் இழுத்து மூடிக்கொண்டு, அசையாத கூடாகிவிட்டது. செத்துவிட்டதோ என்று ஒருநாள் அழக்கூடச் செய்தேன். பதினாறாம் நாள் கூடு பிளந்து நனைந்த கந்தல் ஒன்று ஊர்ந்து வந்தது. மெல்ல விரிந்தது. பச்சைப் பளிங்கில் இளஞ்சிவப்பு ஓடிய சிறகுகள். அந்த விஷத்திலிருந்தா இது? சிலுவைக்குறி போட்டுக்கொண்டேன்.

விளக்கு வைத்ததும் ஜாடியைக் கூடத்து வாசலில் திறந்தேன். வேண்டுமென்றேதான். உள்ளே மாமியாரும் அவர் பிள்ளையும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். விளக்கைத் தேடி விட்டில் வந்தால் எங்கள் சஹ்லே ஊரில் அது பிஷாரா, நல்ல சேதி கொண்டுவரும் தூது. அது விளக்கைச் சுற்றியதும் தானியோஸ் எழுந்தே நின்றுவிட்டார், தனக்குத்தான் வந்திருக்கிறது என்று.

"சும்மா நிக்காதடா, எதாவது நேர்ந்துக்கோ" என்றார் மாமியார்.

தானியோஸ் தன் நெஞ்சில் கை வைத்தார். "மாதா சாட்சி. இது எதத் தின்னு வளந்துச்சோ அதுல இனி ஒரு சொட்டு மருந்து படாது."

"அரளி இலைதாங்க" என்றேன். "முட்டையும் அதுலதான் போடும். நூத்துக்கு மேல."

மாமியார் ஆமென் சொன்னார்.