அங்கே பார்க்கணும் நீங்க

மனிதர்களில் 'அங்கே பார்க்கணும்' என்றொரு இனம் உண்டு. விலங்கியல் புத்தகத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. பூந்தோட்டங்களில்தான் இது உலவும். வேட்டி கட்டியிருந்தாலும் சரி, கால்சட்டை போட்டிருந்தாலும் சரி, பூத்துக் குலுங்கும் ஒரு செடியின் முன்னால் இதைக் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும், தலையை ஒரு பக்கம் சாய்க்கும், மூக்கால் நீளமாக ஒரு மூச்சு விடும், பிறகு அந்தச் செடிக்கு ஆறுதல் சொல்வது போன்ற குரலில், "பரவாயில்லை. ஆனா ஊட்டியில பார்க்கணும் நீங்க" என்று சொல்லும்.

ஊட்டி என்பது ஒரு பேச்சுக்குத்தான். ஊட்டியில் நின்றால் பெங்களூர் லால்பாக். லால்பாக்கில் நின்றால் மைசூர் பிருந்தாவனம். பிருந்தாவனத்தில் விளக்குப் போட்டு நீரூற்று பொங்கும்போது, ஊரே வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது, இந்த இனம் மட்டும் பக்கத்தில் நிற்பவரின் தோளைத் தட்டி, "சிங்கப்பூர்ல ஆர்க்கிட் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்கும். மொத்தத்தில், கால் எங்கே நிற்கிறதோ அங்கே பூ சுமார்.

சிங்கப்பூர் ஓவன் ரோட்டில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர் வைரக்கண்ணு இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. துறைமுகக் கிடங்கில் கிராணி, கணக்கெழுதும் வேலை. லீவு கிடைத்தால் கப்பல். கப்பல் எங்கே நின்றாலும் தோட்டம். தம்பியின் கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போனவர், ஊட்டியில் மலர்க்காட்சி நடக்கிறதென்று கேள்விப்பட்டு மலையேறிவிட்டார். இறங்கி வந்தபோது தம்பி மறுவீட்டுக்குப் போயிருந்தார். அண்ணனுக்கு அதில் வருத்தமே இல்லை. மேடை ஜோடனையைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "செவ்வந்தியா வச்சாங்க? ஊட்டியில பார்த்திருக்கணும்" என்றாராம்.

எல்லாப் பயணத்திலும் அவருடைய மனைவி பூவம்மாவும் கூடப் போயிருக்கிறார். "அக்கா, நீங்க கொடுத்து வச்சவங்க, எவ்வளவு இடம் பார்த்திருக்கீங்க" என்று என் மனைவி ஒருநாள் சொன்னாள். பூவம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் பார்த்ததெல்லாம் அவர் முதுகுதாம்மா" என்றார்.

இதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அவர்களுக்கு ஒரே மகள், தமயந்தி. பள்ளிக்கூட ஆசிரியை, தங்கமான பெண். அவளுக்கு வந்த முதல் வரனை அப்பா பொட்டானிக் கார்டனுக்கு அழைத்துக்கொண்டுபோய், மரம் மரமாக நிறுத்தி, மரத்துக்கு மரம் வேறு ஊர் மரத்தைப் பற்றி விளக்கியதில், மாப்பிள்ளையின் பெரியப்பா பாதி வழியிலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொல்லியனுப்பினார்கள்: பெண் நன்றாக இருக்கிறாள், அப்பாதான் கொஞ்சம் நீளம். இரண்டாவது வரனுக்கும் அதே கதி. இப்போது வந்திருப்பது மூன்றாவது. இது தரகர் கொண்டுவந்ததும் இல்லை. ஆசிரியர் பயிற்சியில் கூடப் படித்த கதிரேசன், பினாங்குக்காரன், தமயந்தியின் மனத்துக்குப் பிடித்த பையன். இது தட்டிப்போனால் இனிமேல் யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

பையனுடைய அப்பா நல்லதம்பியும் அம்மா ரத்தினம்மாவும் ரயிலில் வந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து பஜ்ஜி தின்று பெண் பார்ப்பதெல்லாம் பழைய காலம், தோட்டத்தில் தற்செயலாகச் சந்திப்பது போலச் சந்திக்கலாம் என்று அவர்களே சொல்லியனுப்பினார்கள். பிடித்திருந்தால் ரத்தினம்மா அங்கேயே பெண்ணின் தலையில் பூ வைத்துவிடுவார். பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, பிறகு யாரும் மாற்ற முடியாது. ஆனால் தோட்டமா? கிளம்புவதற்கு முன் பூவம்மா புருஷனைச் சாமி படத்தின் முன்னால் நிறுத்தினார்.

"இன்னிக்கு எந்த ஊர் தோட்டத்தைப் பத்தியும் வாயைத் திறக்கக் கூடாது. உங்க பொண்ணு மேல சத்தியம்."

"நான் எதுக்குப் பேசப்போறேன்?" என்றார் வைரக்கண்ணு, உண்மையாகவே ஒன்றும் புரியாமல்.

தெருவில் கார் வைத்திருந்தவன் நான் ஒருவன் என்பதால் என்னுடைய பழைய மாரிஸில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனேன். தோட்டத்து வாசலில் நல்லதம்பி குடும்பம் தற்செயலாகக் காத்துக்கொண்டிருந்தது. ரத்தினம்மாவின் கையில், காலையில் சிராங்கூன் ரோட்டுப் பூக்கடையில் வாங்கிய மல்லிகைச் சரம், வாழையிலையில் சுற்றியிருந்தது. தமயந்தி அந்தப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். கதிரேசன் தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நடந்தோம். வைரக்கண்ணு சத்தியத்தைக் காப்பாற்றினார். அதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. ஒவ்வொரு பூவுக்கும் அவர் உதடு துடித்தது. ஆர்க்கிட் வரிசைக்கு வந்தபோது, கொதிக்கும் தேநீரை வாயில் வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவிக்கிறவர் போல முகம் சிவந்து நின்றார். பூவம்மா அவர் முழங்கையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டார். பிழைத்தோம் என்று நான் நினைத்த அந்த நேரத்தில், நல்லதம்பி இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

"பரவாயில்லை," என்றார். "ஆனா பினாங்கு தண்ணீர்மலைத் தோட்டத்துல பார்க்கணும் நீங்க."

அந்த இனத்துக்கு எல்லை ஏது? பினாங்கு வரைக்கும் பரவியிருக்கிறது.

வைரக்கண்ணு மெதுவாகத் திரும்பினார். போன வாரம்வரை அதே தண்ணீர்மலைத் தோட்டத்தின் புகழை என் காதில் ஓதிக்கொண்டிருந்தவர் அவர்தான் என்பதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக, நின்ற இடத்துக்காக அவர் மார்பை நிமிர்த்தினார்.

"தண்ணீர்மலையா? அங்க என்ன இருக்கு? தண்ணியும் மலையும்தானே?"

"உங்ககிட்ட ரெண்டுமே இல்லையே."

"எங்ககிட்ட ஏரி இருக்கு. அன்னம் நீந்துது."

"அதுவா ஏரி? எங்க ஊர்ல அந்த அளவுக்கு மழையில தேங்கும்லா."

பூவம்மா கிள்ளினார். பயனில்லை. கிள்ளுகிற இடமெல்லாம் மரத்துப்போய்விட்டது போலிருக்கிறது. மரத்தின் உயரத்தில் தொடங்கி, புல்லின் பச்சையில் ஏறி, பாண்டு வாத்திய மேடையைச் சுற்றி வந்து, கடைசியில் குரங்குகளில் போய் நின்றது பேச்சு. எந்த ஊர்க் குரங்கு ஒழுக்கமானது என்பது பற்றி இரண்டு சம்பந்திகள் குரலுயர்த்திப் பேசியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"பினாங்கு குரங்கு கையில கொடுத்தாத்தான் வாங்கும். பிடுங்காது," என்று நல்லதம்பி சொல்லி முடிப்பதற்குள், மரத்திலிருந்து தொப்பென்று குதித்த ஒன்று ரத்தினம்மாவின் கையிலிருந்த பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு மேலே ஏறியது. கிளையில் வசதியாக உட்கார்ந்து, இலையைப் பிரித்து, மல்லிகையை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்றது.

சரத்தின் நார் மட்டும் கீழே வந்து விழுந்தது.

"எங்க ஊர் குரங்கு பூவைத் தொடாது," என்றார் நல்லதம்பி.

"எங்க ஊர் குரங்குக்குத்தான் பூவோட அருமை தெரியும்," என்றார் வைரக்கண்ணு.

"ரத்தினம்மா, கிளம்பு. பூ போச்சு. சகுனமே சரியில்லை. இந்த இடம் நமக்கு ஒத்து வராது."

தமயந்தியின் கண்கள் நிறைந்துவிட்டன. அந்த நிமிஷத்தில் எனக்கு வைரக்கண்ணுவை அந்த ஏரியில் தள்ளிவிடவேண்டும் என்று தோன்றியது, அன்னங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. கதிரேசன் வாயைத் திறந்தான், அப்பாவைப் பார்த்தான், மூடிக்கொண்டான்.

அப்போதுதான் பூவம்மா பேசினார். அத்தனை வருஷம் ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தவருக்கு அதன் சுபாவம் தெரியாதா? யாரையும் பார்க்காமல், சாவகாசமாகச் சொன்னார்:

"என்ன இருந்தாலும், காஷ்மீர்ல பார்க்கணும்னு சொல்றாங்க."

இருவரும் நின்றார்கள். வைரக்கண்ணு காஷ்மீருக்குப் போனதில்லை. நல்லதம்பியும் போனதில்லை. அதனாலேயே அதற்கு ஈடான இடம் இரண்டு பேருக்குமே கிடையாது.

"அது உண்மைதான்," என்றார் நல்லதம்பி, குரலைத் தாழ்த்தி. "காஷ்மீர்னா காஷ்மீர்தான்."

"ரோஜா ஒவ்வொண்ணும் தட்டு அளவு இருக்குமாம்."

"தட்டா? தாம்பாளம்னு சொல்லுங்க."

"படகுல போய்க்கிட்டே பறிக்கலாமாமே."

இவர் அவர் தோளில் கையைப் போட, இருவரும் தாங்கள் பார்க்காத காஷ்மீரை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டே ஏரிக்கரையைச் சுற்றி நடந்தார்கள். நாங்கள் இருப்பதையே மறந்துவிட்டார்கள்.

ரத்தினம்மா அந்த இரண்டு முதுகுகளையும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "உங்க வீட்லயும் இப்படித்தானா?" என்றார்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து," என்றார் பூவம்மா.

ரத்தினம்மா தன் கொண்டையிலிருந்த மல்லிகையை எடுத்தார். பாதியாகக் கிள்ளினார். "என் தலையில இருந்தது. பரவாயில்லையா?"

"மாமியார் தலைப் பூ. அதைவிட வேறென்ன வேணும் அவளுக்கு?"

தமயந்தி குனிந்தாள். பூ ஏறியது. கதிரேசன் அப்போதுதான் சப்பாத்திலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். குரங்குகூட மேலேயிருந்து எட்டிப் பார்த்தது. நான் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினேன், மறைப்பானேன்?

ஏரியைச் சுற்றிவிட்டு வந்தவர்கள் நல்ல குஷியில் இருந்தார்கள். "சரி, நாளைக்கு வேற பூ வாங்கி வச்சுடலாம்" என்றார் நல்லதம்பி. "வச்சாச்சு" என்றார் ரத்தினம்மா.

வைரக்கண்ணு மகளின் பக்கத்தில் வந்தார். அவளுடைய கூந்தலில் இருந்த பாதிச் சரத்தை வெகுநேரம் பார்த்தார். கை முதுகுக்குப் பின்னால் போகவில்லை. தலை சாயவில்லை. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இப்போது மதுரை வரும், இதோ வரப்போகிறது.

"நல்லா இருக்கும்மா," என்றார். குரல் உடைந்திருந்தது.

பூவம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூவுக்கு முன்னால் நின்று அந்த மனிதர் வேறு ஊர் பேசாததை அன்றுதான் அவர் முதன்முதலாகப் பார்த்தார்.

இனி உங்கள் விஷயம். சிரித்தீர்கள், சந்தோஷம். ஆனால் படித்துக்கொண்டே வரும்போது நடுவில் ஓரிடத்தில், "இவரெல்லாம் ஒரு ஆளா? எங்க சித்தப்பா ஒருத்தர் இருக்காரு, அவரைப் பார்க்கணும் நீங்க" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டீர்களே, அதை நான் கவனிக்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்?